ஆர்தர் கோர்ன்பெர்க்: வைட்டமினில் தொடங்கியவர் டிஎன்ஏ-வுக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

கேள்வி இரண்டு துண்டாக இருக்கிறது. ஆர்தர் கோர்ன்பெர்க் மருத்துவம் படித்தவர், எலிகளுக்குத் தீனி போட்டு வைட்டமின் ஆராய்ச்சியில் தொடங்கியவர். அவர் எப்படி டிஎன்ஏ-வை உருவாக்கும் நொதியை, அதாவது டிஎன்ஏ பாலிமரேஸை, கண்டுபிடித்தார் என்பது ஒன்று. 1959-இல் நோபல் வாங்கித் தந்த அந்த நொதி, செல்லில் டிஎன்ஏ-வைப் படியெடுக்கும் முக்கிய நொதியே அல்ல என்று பத்தே வருடத்தில் தெரிந்துவிட்டதே, அப்படியானால் பரிசு தவறாகப் போய்விட்டதா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு என் பதில்: அவர் துறை மாறவே இல்லை. வளர்சிதை மாற்றத்தை ஒரு பாடத்திலும் டிஎன்ஏ-வை வேறொரு பாடத்திலும் படித்து வந்ததால் நமக்கு அது பெரிய தாவலாகத் தெரிகிறது. அவர் கண்ணுக்கு டிஎன்ஏ-வும் செல் தயாரிக்கும் ஒரு பொருள்தான். உடல் சேமித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலியான கிளைக்கோஜனை ஒரு நொதி கட்டுகிறது என்றால் டிஎன்ஏ-வையும் ஒரு நொதி கட்டியாக வேண்டும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இந்தப் பிடிவாதம்தான் அவரை அங்கே கொண்டு சேர்த்தது. பின்னால் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டதும் இதே பிடிவாதம்தான். ஆகவே இரண்டாவது கேள்விக்கான பதிலும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

1918-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். பெற்றோர் அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். நியூயார்க் சிட்டி காலேஜில் பட்டம், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1941-இல் மருத்துவப் பட்டம். ஆராய்ச்சியாளர் ஆகும் எண்ணமெல்லாம் அப்போது பெரிதாக இல்லை. ஆனால் அவருக்கே லேசான மஞ்சள் காமாலை இருந்தது. இன்று கில்பர்ட் நோய்க்குறி என்று சொல்லப்படும், தொந்தரவு தராத வகை. தன்னைப் போல் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று சக மாணவர்களின் ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியை அளந்து 1942-இல் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்காலத்தில் கடலோரக் காவல் படையின் கப்பலில் மருத்துவராக இருந்தவரை அந்தக் கட்டுரைதான் கரைக்கு இழுத்தது. அதைக் கவனித்த தேசிய சுகாதார நிறுவனத்தின் இயக்குநர் ரோலா டையர் அவரைத் தம் நிறுவனத்துக்கு வரவழைத்தார்.

அங்கே ஊட்டச்சத்துப் பிரிவில் எலிகள். சுத்திகரித்த உணவோடு சல்ஃபா மருந்தும் கொடுத்தால் எலிகளுக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன, ரத்தசோகை வந்தது. ஈரலோ ஈஸ்ட்டோ கொடுத்தால் சரியானது. ஈரலிலும் ஈஸ்ட்டிலும் இருந்த மருந்து ஃபோலிக் அமிலம். எலியின் குடலில் வாழும் பாக்டீரியா அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்துக் கொடுத்து வந்தது. சல்ஃபா மருந்து அந்த பாக்டீரியாவை ஒடுக்கிவிட, எலிக்குக் குறைபாடு வந்தது. வைட்டமின் கே விஷயத்திலும் இதே கதை. நல்ல வேலைதான். ஆனால் அவருக்குச் சலித்துவிட்டது. பெரிய வைட்டமின்கள் கிட்டத்தட்ட எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஒரு வைட்டமின் இல்லாவிட்டால் எலிக்கு என்ன ஆகும் என்று எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது? அது இருந்தால் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதல்லவா கேள்வி? பல வைட்டமின்கள் நொதிகளுக்குத் துணைபோகும் கோஎன்சைம்களின் பகுதி என்பது அப்போது தெளிவாகிக்கொண்டிருந்தது. நயாசின் என்ஏடி-யில் இருக்கிறது, ரிபோஃபிளேவின் எஃப்ஏடி-யில் இருக்கிறது. ஆக, நொதிகளிடம் போக வேண்டும்.

1946-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவேரோ ஒச்சோவாவிடம் போனார். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டார். ஆனால் அங்கே கிடைத்த சுகமே வேறு. எலிப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே நிறமாலை ஒளிமானியில் 340 நானோமீட்டர் ஒளியில் ஊசி நகர்வதைப் பார்த்தாலே நொதி வேலை செய்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஒரு நாளில் பத்து யோசனைகளைச் சோதிக்கலாம்.

அந்த ஆய்வகத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. பல நூறு புறாக்களின் ஈரலிலிருந்து மாலிக் நொதியைப் பிரிக்கும் வேலை, பல வாரங்களாக நடந்தது. ஓர் இரவு கடைசிப் படி முடிகிற நேரம். கோர்ன்பெர்க்கின் கை பட்டு ஒரு காலி அளவுக்குடுவை சரிந்தது. அது அடுத்ததை இடிக்க, வரிசையாக எல்லாம் சாய்ந்து, சேர்த்து வைத்த நொதி முழுவதும் தரையில். ஒச்சோவா கோபப்படவில்லை, ஆறுதல்தான் சொன்னார். மறுநாள் காலை, வழக்கமாகக் கீழே கொட்டிவிடும் மேல்திரவத்தைப் பார்த்தால் அது கலங்கியிருந்தது. அதில் படிந்ததைச் சேகரித்து அளந்தபோது, அதுவரை கிடைத்ததிலெல்லாம் சுத்தமான நொதி அதில்தான் இருந்தது. எதையும் அளந்து பார்க்காமல் கொட்டாதே என்பது நொதி சுத்திகரிப்பவர்களின் பழக்கம். அதற்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டியதில்லை.

அடுத்து 1947-இல் செயிண்ட் லூயிஸில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் ஆய்வகத்தில் சில மாதங்கள். அந்த ஆண்டுதான் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிளைக்கோஜனைப் பற்றிய அவர்களது வேலையில் ஒரு விஷயத்தைக் கோர்ன்பெர்க் மனத்தில் வாங்கிக்கொண்டார்: கிளைக்கோஜனை நீட்டும் நொதி வெறும் குளுக்கோஸ் பாஸ்பேட்டிலிருந்து தொடங்காது, ஏற்கெனவே ஒரு கிளைக்கோஜன் துண்டு இருந்தால் அதன் முனையில் சேர்த்துக்கொண்டு போகும். இது பிறகு பயன்படப்போகிறது.

தேசிய சுகாதார நிறுவனத்துக்குத் திரும்பியதும் என்ஏடி எப்படி உருவாகிறது என்று தேடினார். என்ஏடி என்பது இரண்டு நியூக்ளியோடைடுகள் (காரம், சர்க்கரை, பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த அலகுகள்; டிஎன்ஏ-வும் ஆர்என்ஏ-வும் இவற்றின் சங்கிலிதான்) பாஸ்பேட் வழியாக ஒட்டிக்கொண்ட மூலக்கூறு. அதை உடைக்கும் நொதியை முதலில் பிடித்தார், பிறகு கட்டும் நொதியை. கட்டும் வினை இப்படி நடக்கிறது: நிகோட்டினமைடு நியூக்ளியோடைடும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி-யும் சேர்கின்றன, ஏடிபி-யின் மூன்று பாஸ்பேட்டில் இரண்டு ஜோடியாகப் பைரோபாஸ்பேட் என்று கழன்றுபோகின்றன, மிச்சமிருப்பது மற்ற நியூக்ளியோடைடோடு ஒட்டிக்கொள்கிறது. எஃப்ஏடி-யும் இதே முறையில்தான் உருவாகிறது என்று 1950-இல் காட்டினார்.

என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை இந்த வினைதான், டிஎன்ஏ அல்ல. ஒரு நியூக்ளியோடைடு இன்னொன்றோடு எப்படிச் சேரும் என்பதற்குப் பைரோபாஸ்பேட்டை விட்டுக்கொடுத்துச் சேரும் என்ற விடை கையில் கிடைத்துவிட்டது. இரண்டைச் சேர்க்க இது போதுமென்றால் ஆயிரக்கணக்கில் சேர்க்க ஏன் போதாது? டிஎன்ஏ-வின் அமைப்பு இரட்டைச் சுருள் என்ற கருத்து 1953-இல் வந்தது உண்மை. ஆனால் அவரை டிஎன்ஏ பக்கம் கொண்டு வந்தது அதன் அழகு அல்ல, கோஎன்சைம் வேலையிலிருந்து நேராகப் போன பாதை.

அந்தப் பாதையில் முதலில் கட்டுமானப் பொருள் தேவை. 1953-இல் செயிண்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் துறைத் தலைவரானார். நியூக்ளியோடைடுகளைச் செல் எப்படித் தயாரிக்கிறது என்ற வேலையில் இர்விங் லீபர்மன், எர்னஸ்ட் சிம்ஸ் ஆகியோருடன் பிஆர்பிபி என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தார். ரிபோஸ் சர்க்கரையைச் சுமந்து வந்து காரத்தோடு இணைக்கும் பொருள் அது. பியூரின், பைரிமிடின் என்ற இரு வகைக் காரங்களைக் கொண்ட நியூக்ளியோடைடுகளின் தயாரிப்புக்கும் அது வேண்டும். இதுவே ஒருவர் ஆயுளுக்குப் போதுமான கண்டுபிடிப்பு. டிஎன்ஏ கதையின் நிழலில் பலருக்கும் தெரியாமல் போய்விட்டது.

1955-இல் அந்தச் சோதனை. ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாற்றில் கதிரியக்கக் கார்பன் கொண்ட தைமிடினைச் சேர்த்தார்கள். தைமிடின் டிஎன்ஏ-வில் மட்டும் சேரும் பொருள். கூடவே ஏடிபி, கொஞ்சம் டிஎன்ஏ. பிறகு அமிலம். சின்ன மூலக்கூறுகள் அமிலத்தில் கரைந்துபோகும், டிஎன்ஏ போன்ற நீளமான சங்கிலி படிந்துவிடும். படிந்ததில் கதிரியக்கம் இருக்கிறதா? இருந்தது. உள்ளே போட்ட பத்து லட்சம் எண்ணிக்கையில் 50 மட்டும். பின்னணி இரைச்சல் என்று சொல்லித் தள்ளிவிட்டுப் போக யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் டிஎன்ஏ-வை மட்டும் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் அந்த 50-ம் காணாமல் போனது. அப்படியானால் உருவானது டிஎன்ஏ-தான். அந்தச் சிறு விரிசலைப் பெரிதாக்குவதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவி சுத்திகரிப்பு.

இந்தக் கட்டத்தில் ஒரு திசைமாற்றமும் நடந்தது. ஏடிபி-யை வைத்து ஆர்என்ஏ உருவாக்கும் நொதி ஒன்றையும் அவரது ஆய்வகம் தேடிக்கொண்டிருந்தது. ஒச்சோவாவும் மரியான் கிரன்பெர்க்-மனாகோவும் ஏடிபி-யை விட்டு ஏடிபி-யின் இளைய உறவான இருபாஸ்பேட்டைக் கொண்டு ஆர்என்ஏ சங்கிலி உருவாக்கும் நொதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், கோர்ன்பெர்க்கும் இருபாஸ்பேட்டுக்கு மாறினார். அவருக்கும் அதே நொதிதான் கிடைத்தது. ஏடிபி-யிலேயே இருந்திருந்தால் உண்மையான ஆர்என்ஏ பாலிமரேஸ் அகப்பட்டிருக்கலாம். பின்னாளில் அவர் மகன் ரோஜர் கோர்ன்பெர்க் 2006-இல் நோபல் வாங்கியது ஆர்என்ஏ பாலிமரேஸ் வேலை செய்யும் விதத்துக்காக. இதை விதி என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் சுவையான செய்தி.

டிஎன்ஏ பக்கம் திரும்புவோம். சோதனைக் குழாயில் டிஎன்ஏ-வை ஏன் சேர்த்தார்கள்? அதை வார்ப்பாக வைத்துப் படியெடுக்கும் என்ற எதிர்பார்ப்பு முதன்மைக் காரணம் இல்லை. கோரிகளிடம் பார்த்த கிளைக்கோஜன் துண்டைப் போல இதுவும் தொடக்கத் துண்டாக உதவலாம் என்று நினைத்தார். சாற்றில் டிஎன்ஏ-வைச் சிதைக்கும் நொதிகள் நிறைய. அவை உபரி டிஎன்ஏ-வைத் தின்றுகொண்டிருந்தால் புதிதாக உருவாகும் சிறிதளவு தப்பிக்கும் என்பது இன்னொரு காரணம். உண்மையில் அந்த டிஎன்ஏ யாரும் நினைக்காத மூன்றாவது வேலையையும் செய்துகொண்டிருந்தது. குழாயில் தைமிடின் மட்டுமே கொடுக்கப்பட்டது, மற்ற மூன்று நியூக்ளியோடைடுகள் எங்கிருந்து வந்தன? சேர்த்த டிஎன்ஏ சிதைந்து நியூக்ளியோடைடு ஆகி, சாற்றிலிருந்த நொதிகளும் ஏடிபி-யும் சேர்ந்து அவற்றை முப்பாஸ்பேட் (மூன்று பாஸ்பேட் கொண்ட வடிவம்) ஆக்கிக் கொடுத்தன. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, நான்கு முப்பாஸ்பேட்டுகளையும் சுத்தமாகத் தயாரித்துச் சேர்த்த பிறகுதான் நான்காவது வேலை கண்ணில் பட்டது: அந்த டிஎன்ஏ வார்ப்பாகவும் இருக்கிறது. நான்கில் ஒன்றை நிறுத்தினால் வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். எந்த டிஎன்ஏ-வைப் போட்டாலும் புதிதாக உருவாவதில் காரங்களின் விகிதம் அதைப் போலவே இருந்தது.

இதைச் செய்தவர் ஒருவர் அல்லர். ராபர்ட் லேமன், மாரிஸ் பெஸ்மன், ஜூலியஸ் ஆட்லர், சிம்ஸ் எல்லாரும் இருந்தார்கள். மனைவி சில்வியும் அதே ஆய்வகத்தில் உயிர்வேதியியலாளர். நான்கு முப்பாஸ்பேட்டுகளில் குவானின் வகையை மட்டும் சாற்றிலிருந்த ஒரு நொதி தின்றுவிடுவதைக் காட்டிய 1958 கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. நோபல் செய்தி வந்த அன்று தன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாகப் பிரபலமான ஒரு கதை உண்டு. வேடிக்கைக்குள் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1957-இல் இந்த வேலையைப் பற்றிய இரண்டு கட்டுரைகளை அமெரிக்காவின் முதன்மையான உயிர்வேதியியல் இதழுக்கு அனுப்பினார். நிராகரிப்பு. உருவானதை டிஎன்ஏ என்று அழைக்கவே கூடாது, மரபுப் பண்பைக் கடத்தும் என்று காட்டினால்தான் அந்தப் பெயர் என்றார்கள் மதிப்பாய்வாளர்கள் சிலர். கட்டுரைகளை அவர் திரும்பப் பெற்றுவிட்டார். புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர் ஜான் எட்சல் தலையிட்டு 1958-இல் வெளியிட்டார். அடுத்த வருடமே ஒச்சோவாவோடு நோபல்.

அந்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் உயிர்வேதியியல் துறையை உருவாக்கப் போனார். பால் பெர்க், லேமன், டேல் கைசர் என்று செயிண்ட் லூயிஸ் குழுவின் பெரும்பகுதி கூடவே போனது. ஒவ்வொரு பேராசிரியருக்கும் தனி ஆய்வகம் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. மாணவர்கள் கலந்து உட்கார்ந்தார்கள், கருவிகளும் ரசாயனங்களும் பொது.

ஸ்டான்ஃபோர்டில் 1961-இல் ஜான் ஜோஸ், கைசருடன் வெளியிட்ட ஒரு வேலைதான் அவருடையவற்றில் எனக்கு மிகப் பிடித்தது. நான்கு முப்பாஸ்பேட்டுகளில் ஒன்றின் உட்புறப் பாஸ்பேட்டில் மட்டும் கதிரியக்கப் பாஸ்பரஸ். பாலிமரேஸ் அதைச் சங்கிலியில் சேர்க்கும்போது அந்தப் பாஸ்பேட் பக்கத்து நியூக்ளியோடைடுக்கும் இதற்கும் இடையே பாலமாகும். பிறகு பாலத்தின் மறுபக்கத்தை வெட்டும் நொதிகளால் சங்கிலியைத் துண்டாக்கினால், கதிரியக்கப் பாஸ்பேட் அண்டை வீட்டாரோடு போய்விடும். யாரோடு போயிற்று என்று அளந்தால் யாருக்குப் பக்கத்தில் யார், எத்தனை முறை என்று 16 ஜோடிகளுக்கும் கணக்கு கிடைக்கும். டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளும் ஒரே திசையில் ஓடினால் எந்த ஜோடி எதற்குச் சமமாக இருக்க வேண்டும், எதிரெதிராக ஓடினால் எது சமம் என்பது தாளில் போட்டுப் பார்க்கக்கூடியது. அளவுகள் எதிர்த்திசைக்கே பொருந்தின. எதிரெதிர் இழைகள் என்ற கருத்துக்குச் சோதனைக் குழாயில் கிடைத்த நேரடியான சான்று இது.

ஆனால் மதிப்பாய்வாளர்கள் அன்று கேட்ட கேள்வி போகவில்லை: அவர் உருவாக்கிய டிஎன்ஏ உயிருள்ள ஒன்றில் வேலை செய்யுமா? பல வருடங்கள் செய்யவில்லை. 1967-இல் முனைகளை ஒட்டும் லிகேஸ் நொதி பல ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் கிடைத்ததும் வழி திறந்தது. மெஹ்ரான் கூலியன், கால்டெக்கின் ராபர்ட் சின்ஷைமர் ஆகியோரோடு ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் வட்ட டிஎன்ஏ-வைப் படியெடுத்து லிகேஸால் மூடினார்கள். நீளம் ஐயாயிரத்துச் சொச்சம் நியூக்ளியோடைடு. அது பாக்டீரியாவைத் தொற்றி வைரஸ்களை உருவாக்கியது. சோதனைக் குழாயில் உயிரையே படைத்துவிட்டார்கள் என்கிற அளவுக்கு ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மேடையில் பேசினார், பத்திரிகைகள் கொண்டாடின. அவர்கள் படைத்தது உயிர் இல்லை, ஒரு வைரஸின் டிஎன்ஏ படி. ஆனாலும் அந்த நொதி பிழையில்லாமல் படியெடுக்கும் என்பது நிரூபணமாயிற்று.

இரண்டே வருடத்தில் அடி விழுந்தது. 1969-இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஜான் கேர்ன்ஸும் பவுலா டி லூசியாவும், மரபணு மாற்றம் செய்யப்பட்ட ஈ.கோலை வகைகளில் ஆயிரக்கணக்கானவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, கோர்ன்பெர்க்கின் நொதிச் செயல்பாடு 1 சதவீதம்கூட இல்லாத ஒன்றைப் பிடித்தார்கள். அது சாதாரணமாகப் பெருகிக்கொண்டிருந்தது! புறஊதாக் கதிர் பட்டால் மட்டும் எளிதில் செத்துவிடும். அப்படியானால் டிஎன்ஏ-வைப் படியெடுப்பது வேறு ஏதோ. இந்த நொதி பழுதுபார்ப்பு வேலைக்காரன் மட்டுமே என்று இங்கிலாந்து இதழ் ஒன்றில் தலையங்கங்கள் வரிசையாக வந்தன.

உண்மையில் சந்தேகம் முன்பே வந்திருக்க வேண்டும். ஈ.கோலை தன் 46 லட்சம் கார ஜோடிகளை ஏறத்தாழ 40 நிமிடத்தில் இரட்டிக்கிறது. இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் வேலை நடப்பதால் ஒவ்வொரு முனையிலும் நொடிக்கு ஆயிரம் அளவில் ஓட வேண்டும். கோர்ன்பெர்க்கின் நொதியின் வேகம் நொடிக்கு 20-ஐ ஒட்டித்தான். சுத்தமாகப் பிரித்த நொதி குழாயில் என்ன செய்யும் என்பதை இந்த முறை துல்லியமாகச் சொல்லும். செல்லுக்குள் அந்த வேலையைச் செய்வது அதுதானா என்று சொல்லாது. அதைச் சொல்ல மரபியல் வேண்டும். கோர்ன்பெர்க்கின் குருட்டுப் புள்ளி இங்கேதான் இருந்தது.

அடுத்த திருப்பத்தைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். அவருடைய இரண்டாவது மகன் தாமஸ், ஜூலியார்ட் இசைப்பள்ளியில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவர், கையில் வந்த பிரச்சினையால் வாசிப்பை விட வேண்டியதாயிற்று. அப்பாவின் நொதியைப் பழித்து எழுதியதைப் படித்துவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மால்கம் கெஃப்டரிடம் போய்ச் சேர்ந்தார். கேர்ன்ஸின் பாக்டீரியாவில் பெரும்பகுதிச் செயல்பாடு இல்லாததால், அதுவரை அதன் சத்தத்தில் மறைந்திருந்த மற்ற நொதிகள் தெரிந்தன. டிஎன்ஏ பாலிமரேஸ் 2, பிறகு பாலிமரேஸ் 3. குரோமோசோமைப் படியெடுப்பது இந்த மூன்றாவதுதான். அப்பாவின் நொதிக்கு பாலிமரேஸ் 1 என்று பெயர் நிலைத்தது.

கோர்ன்பெர்க் இதன் பிறகு செய்ததுதான் அவரைப் பெரியவராகக் காட்டுகிறது. மரபியலாளர்கள் பிடித்து வைத்திருந்த, டிஎன்ஏ படியெடுப்பில் பழுதுள்ள பாக்டீரியா வகைகளையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். பழுதுள்ள வகையின் சாறு வேலை செய்யாது. நல்ல வகையின் சாற்றிலிருந்து எந்தப் புரதத்தைச் சேர்த்தால் வேலை செய்கிறதோ அதைப் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டியதுதான். ஜெரார்ட் ஹர்விட்ஸின் குழுவும் இதே வழியில் போட்டியாக ஓடியது. பாலிமரேஸ் எதுவும் தானாகச் சங்கிலியைத் தொடங்காது என்ற பழைய புதிருக்கும் விடை கிடைத்தது. 1971-இல் டக்ளஸ் புரூட்லாக், ராண்டி ஷெக்மன் ஆகியோருடன், ஆர்என்ஏ பாலிமரேஸை முடக்கும் ரிஃபாம்பிசின் மருந்து எம்13 வைரஸின் டிஎன்ஏ படியெடுப்பையும் நிறுத்துவதைக் காட்டினார். முதலில் ஒரு சின்ன ஆர்என்ஏ துண்டு, அதன் முனையிலிருந்து டிஎன்ஏ. பிறகு அந்த ஆர்என்ஏ-வை நீக்கி இடைவெளியை நிரப்புவது யார்? பாலிமரேஸ் 1. பழுதுபார்ப்பு மட்டும் அல்ல, படியெடுப்பிலும் அதற்கு இடம் உண்டு என்றாயிற்று. 1981-இல் ஈ.கோலை குரோமோசோமின் தொடக்கப் புள்ளியிலிருந்து படியெடுப்பையே குழாயில் நடத்திக் காட்டினார்கள்.

சரி, பரிசு தவறா? என் கருத்தில் இல்லை. பரிசு ஆர்என்ஏ, டிஎன்ஏ உருவாகும் வழிமுறையைக் கண்டதற்காக. நான்கு முப்பாஸ்பேட்டுகள், பைரோபாஸ்பேட் வெளியேறுதல், வார்ப்பைப் பார்த்துச் சேர்த்தல், ஒரே திசையில் வளர்தல் என்று அவர் பாலிமரேஸ் 1-இல் கண்டது பாலிமரேஸ் 3-க்கும் மனித செல்லின் பாலிமரேஸ்களுக்கும் பொருந்தும். உண்மையில் கேள்வி கேட்க வேண்டியது ஒச்சோவாவின் பாதியைப் பற்றித்தான்: அவருடைய நொதிக்கு வார்ப்பே தேவையில்லை, செல்லில் அதன் வேலை பெரும்பாலும் ஆர்என்ஏ-வைச் சிதைப்பது. ஆனாலும் மரபுக் குறியீட்டை உடைக்கத் தேவைப்பட்ட செயற்கை ஆர்என்ஏ-க்களை உருவாக்கித் தந்தது அதுதான். பாலிமரேஸ் 1-உம் இப்படித்தான் பயன்பட்டது. அதன் பெரிய துண்டான கிளெனோ துண்டுதான் ஃபிரெட் சாங்கரின் டிஎன்ஏ வரிசைப்படுத்தும் முறைக்கும், வெப்பம் தாங்கும் நொதி வரும்வரை டிஎன்ஏ-வைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறைக்கும் உதவியது. அந்த நொதி 1950-களில் சுத்தமாகக் கிடைக்காமல் இருந்திருந்தால் மரபணுப் பொறியியல் தாமதமாகவே வந்திருக்கும்.

கடைசியாக, அவர் வளர்சிதை மாற்றத்தை விட்டு விலகவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி. 1956-இல் சில்வியோடும் சிம்ஸோடும் சேர்ந்து, பாஸ்பேட்டுகளை நீளமாகக் கோக்கும் ஒரு நொதியை ஈ.கோலையில் கண்டிருந்தார். பாலிபாஸ்பேட் என்ற அந்தச் சங்கிலிக்கு எந்த வேலையும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியபின் டிஎன்ஏ-வை மற்றவர்களிடம் விட்டுவிட்டு அதற்கே திரும்பினார். இந்த முறை அவரே மரபணுவை நீக்கிய வகைகளையும் உருவாக்கிப் பார்த்தார். அந்த நொதி இல்லாத ஈ.கோலை பட்டினிக் காலத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. அது இல்லாத சூடோமோனாஸ் பாக்டீரியா நீந்தும் திறனையும் நோய் உண்டாக்கும் வீரியத்தையும் இழந்தது. 2007-இல் இறக்கும்வரை ஆய்வகம் இதில்தான் இருந்தது. பாலூட்டிகளின் செல்களிலும் பாலிபாஸ்பேட் இருக்கிறது, ஆனால் பாக்டீரியாவின் அந்த நொதி அங்கே இல்லை. அங்கே அதைக் கோப்பது எது என்ற தேடல் இன்னும் பல ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.